அம்மா போட்ட பட்டறை

“உங்கம்மா பத்து நாளு தங்க மாட்டா, பாத்துக்க. மேட்டுல கெடந்த ஒடம்பு. கீழ எறங்குனா மூச்சு முட்டும்.”

மலைமேல் சக்குபள்ளத்தில் ஜீப் புறப்படுவதற்கு முன் பேச்சியத்தை என்னிடம் சொன்னது இது. சொந்த அத்தை இல்லை. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், எங்களுக்கு அடுத்த கதவு. அம்மாவோடு ஒரே நிரையில் உட்கார்ந்து முப்பது வருஷம் ஏலக்காய் எடுத்தவள். அம்மா தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் காதில் விழாதவள் போல ஜீப்பின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று பாலக்காட்டில் ஒரு சிப்ஸ் கடையைத் தாண்டும்போது அந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. கொதிக்கிற தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் விழும் வாசனை. அந்த வாசனையில் மற்றவர்களுக்கு ஓணம் ஞாபகம் வரும். எனக்குப் பழுத்த இரும்பு ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பித் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டடத்துக்குப் போகிற கம்பி. அதில் ஒரு துண்டை வெட்டி, சின்ன முனையொன்றை அதில் அழுத்தி, விழும் குழியை அளந்து இரும்பு எவ்வளவு கடினம் என்று எழுத வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், முதலில் பட்டம் வாங்கினவள், முதலில் தலையில் ஹெல்மெட் வைத்தவள் எல்லாம் நான்தான். கூடப் பிறந்தவர்கள் இல்லாததால் கடைசியும் நான்தான். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். மழைக்காலத்தில் எஸ்டேட் ஜீப்பில் இருபது பெண்களுக்கு நடுவே என் புத்தகப் பையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்ற அம்மாதான் என்னைப் படிக்க வைத்தாள். பை நனையாது. நான் நனைவேன். “நீ காஞ்சுருவ, புஸ்தகம் காயாது” என்பாள்.

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு காரியம் நடந்தது. ஏலச்செடியின் பழைய தட்டைகளைக் கழிக்க ஒரு வளைந்த கத்தி வைத்திருப்பார்கள், கவாத்துக் கத்தி. அம்மாவின் கத்தி இருபத்தாறு வருஷம் அவள் கையில் இருந்தது. தீட்டித் தீட்டி அலகு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. பிடியில் அவள் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம். ஆனால் அது எஸ்டேட்டுக்குச் சொந்தம். கடைசி நாள் அதை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். ஸ்டோர்காரர் அதைப் பழைய இரும்புச் சாக்கில் போட்டார். “டங்குன்னு விழுந்துச்சு” என்று மட்டும் சொன்னாள்.

கஞ்சிக்கோட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்த வேலை, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் தன் பையை மாட்டியது. அதிலிருந்து ஒரு சேலையை எடுப்பாள், துவைத்து உலர்த்தி மறுபடி அதிலேயே மடித்து வைப்பாள். பீரோவில் அவளுக்காக ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தேன். அதை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிற ரேஷன் கார்டும் அந்தப் பையில்தான். அரிசி எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். விலாசம் மட்டும் இன்னும் லயம். “விலாசத்த இங்க மாத்திரலாம்மா” என்றேன். “எதுக்கு? பத்து நாளுக்கா?” என்றாள். ஆக, பேச்சியத்தை சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது.

நான் வேலைக்குப் போனபின் அவளுக்குப் பொழுது போகவில்லை. என் சமையலறைக் கத்தியை எடுத்துப் பார்த்து, “இது வாழப்பழம் வெட்டறதுக்கா?” என்று கேட்டாள். சரி, நல்ல கத்தி வாங்கித் தருவோம் என்று பாலக்காட்டில் மூன்று கடைகளுக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தாள், அலகைத் திருப்பிப் பார்த்தாள், வைத்துவிட்டாள். “வளைவு சரியில்ல.” பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “நானே ஒண்ணு அடிச்சுக்கறேன். அடிச்சதும் எடுத்துக்கிட்டு மேல போறேன்.”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்காரம்மாவிடம் பின்பக்கத்தில் அடுப்பு மாதிரி ஒன்று போடுவதற்கு அனுமதி கேட்டேன். அவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். “ஏனுங்க, எதுக்குங்க அடுப்பு? உள்ள கேஸ் இருக்குதல்லங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங்கக்கா, இந்த வயசுல கொல்லுப் பட்டறை வேலைங்களா? எங்கூட்டுக்காரரு ரிட்டயராகி ஊஞ்சல உட்டு எந்திரிக்கறதில்லீங்க!” அப்புறம் அவரே தோட்டத்திலிருந்து ஒரு புளியங்கட்டையை உருட்டிக்கொண்டு வந்து போட்டார்.

அந்தக் கட்டையில் ஒரு பெரிய சம்மட்டித் தலையைப் பதித்தோம். அதுதான் பட்டடைக்கல். பழைய இரும்புக் கடையில் எடுத்த லாரி பிரேக் டிரம் உலை ஆயிற்று. அதன் அடியில் ஒரு குழாய். துருத்திக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்கு வெட்கமாக ஒன்று ஞாபகம் வந்தது. முதல் சம்பளத்தில் நான் தலைமுடி காயவைக்கும் டிரையர் வாங்கியிருந்தேன். ஹாஸ்டல் பெண்கள் எல்லோரும் வைத்திருந்தார்கள், நானும் வாங்கினேன். ஒரே தடவை போட்டுப் பார்த்தது. அதைக் குழாயின் வாயில் கட்டினோம். சிரட்டைக் கரி கணகணவென்று சிவந்தது. “பரவால்லயே, ஒந் தலைக்குத்தான் ஆகல” என்றாள் அம்மா.

எங்கள் இரண்டு பேருக்கும் இரும்பு அடிக்கத் தெரியாது. போனில் வீடியோ பார்த்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் நாளில் பொறி பறந்து தென்னை ஓலையில் விழுமோ என்று பயந்து, மூன்று பக்கமும் தகரம் அடித்தோம். வீட்டுக்காரம்மா குளியலறை கட்டியபோது மிஞ்சிய கட்டடக் கம்பித் துண்டு ஒன்று கிடந்தது. அம்மா அதைத்தான் எடுத்தாள். பகலெல்லாம் அடித்து, தட்டி, வளைத்து, ஒரு வாரத்தில் நிஜமாகவே கவாத்துக் கத்தி போல ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள். கடைசியாகச் சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

“எதுக்கும்மா சாம்பல்?”

“ஸ்டோருல காய் உணத்தறப்ப சூட்டைச் சட்டுன்னு எறக்குனா தோலு வெடிச்சுரும்ல? மெதுவா ஆறட்டும்.”

ஏலக்காய்க்கு அது சரி. இரும்புக்கு நேர்மாறு. மெதுவாக ஆறினால் இரும்பு இளகும். சட்டென்று ஆறினால்தான் இறுகும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கம்பி எப்படிச் செய்தாலும் கத்தி ஆகாது. வளைய வேண்டும், ஒடியக் கூடாது, அதுதான் கட்டடக் கம்பிக்கு அழகு. அதைச் சோதித்துச் சோதித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கத்தி சரியாக வந்துவிட்டால் அம்மா பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாள். அவ்வளவுதான் என் கணக்கு.

முதல் கத்தி தென்னை மட்டையில் பட்டதும் வெற்றிலை மாதிரி மடங்கிவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. வீட்டுக்காரம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “ஏனுங்கக்கா, இது கத்திங்களா, கரண்டிங்களா?” என்பார். “ரெண்டும்தான், வாங்க, குழம்பு கிண்டித் தாரேன்” என்று அம்மா பதில் சொல்வாள். நான் சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது தெருமுனைக்கே சம்மட்டிச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் மனசு நிறையும். இன்றைக்கும் இருக்கிறாள் என்று அர்த்தம். பத்து நாள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

நான்காவது கத்தியும் மடங்கியபோது அம்மா அதைக் கட்டைமேல் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். “நமக்கு இது கைவரல புள்ள. மொட்டக் கையோட வந்தேன், மொட்டக் கையோடயே போறேன். ஞாயித்துக்கிழம பஸ் ஏத்திவிடு.”

கத்தி வந்தால் போய்விடுவாள் என்று மறைத்தேன், வராததாலேயே போகப்போகிறாள். அதுவும் தோற்றுப்போனவளாக. வாழ்க்கையில் ஒரு வேலையையும் அரைகுறையாக விடாதவள்.

“கைல குத்தமில்லம்மா. கம்பில குத்தம்.”

“என்ன?”

“இந்தக் கம்பி கத்தி ஆகாது. சாம்பல்ல வெச்சா இன்னும் ஆகாது.”

அம்மா என்னையே பார்த்தாள். “எத்தன நாளா தெரியும்?”

“மொத நாள்லருந்து.”

கோபித்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் புளியங்கட்டை ஓரத்தில் உட்கார்ந்து மடங்கிப்போன அலகை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். “இதுக்காடி உன்னப் படிக்க வெச்சேன்?” என்றாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். “ஏ, திருட்டுப் புள்ள, கண்ணத் தொடச்சுக்க. எது ஆகும், அதச் சொல்லு.”

மறுநாள் பழைய இரும்புக் கடையில் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை ஒன்று எடுத்து வந்தேன். அம்மா துருவைத் தேய்த்துப் பார்த்தாள். “நம்மளையெல்லாம் சொமந்த சாதி இது” என்றாள். அந்தப் பட்டை சம்மட்டிக்கு லேசில் மசியவில்லை. நான் குறட்டால் பிடிக்க, அவள் அடிக்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இரும்பு போதுமான அளவு காய்ந்ததும் காந்தம் அதில் ஒட்டாது என்பது படித்த பாடம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழப் பொம்மைக் காந்தத்தை எடுத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. உடனே தேங்காயெண்ணெய் வாளியில் இறக்கினோம். சொய்ங் என்று ஒரு சத்தம், சிப்ஸ் கடை வாசனை. வீட்டுக்காரம்மா மதிலருகே ஓடி வந்து, “ஏனுங்க, பண்டம் போடறீங்களா?” என்று கேட்டார்.

அப்படியே விட்டால் கத்தி கண்ணாடி போல ஒடிந்துவிடும். மறுபடி இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். “இருநூத்தி இருபது டிகிரிம்மா” என்றேன், பெருமையாக. “அது பாக்க எப்படி இருக்கும்?” “வைக்கோல் நெறம் வரும்.” “புது வைக்கோலா, பழைய வைக்கோலா?” எனக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அம்மா கத்தியை உலைச் சூட்டில் காட்டுவதும் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதுமாக இருந்தாள். அலகில் ஒரு மஞ்சள் மெல்ல ஓடிவந்தது. பச்சைக்குள் பத்துப் பச்சை பார்த்து, முத்தின காயை மட்டும் கிள்ளின கண் அது. “ஸ்டோருல பச்ச கெட்டு மஞ்சளிச்ச காயி நெறம். போதும்” என்று எடுத்துவிட்டாள்.

தென்னை மட்டை ஒரே வெட்டில் இரண்டாக விழுந்தது. கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். மடங்கவுமில்லை, பல்லும் விழவில்லை. எஸ்டேட் கத்தியில் நம்பர் அடித்திருக்கும். இதில் உன் பேர் அடிக்கட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு? இத யாருகிட்டயும் திருப்பிக் குடுக்க வேண்டியதில்லல்ல” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா ஆணியிலிருந்து பையை எடுத்தாள். பார்த்தேன். கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, சொன்ன பேச்சுதானே? ஒரு தோசை கருகியது. பின்பக்கம் போனாள், கத்தியை எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தேன். வெகுநேரமாகியும் வராததால் போய்ப் பார்த்தேன். பை உலைக்குப் பக்கத்தில் இருந்தது, கழுத்து வரை சிரட்டைக் கரியோடு.

“சேலையெல்லாம் உன் பீரோவுல கீழ்த்தட்டுல வெச்சிட்டேன். பை சும்மாதானே தொங்குது. பேச்சி போன் பண்ணா, அவளுக்கும் ஒரு கத்தி வேணுமாம்.” இடுப்பிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். “இது அடியில கெடந்துச்சு. கரி படாம வையி.”

அந்த டிரையர் புகைந்து போய்விட்டது. இப்போது கையால் சுற்றுகிற காற்றாடி. மடங்கிய நான்கு கத்திகளும் இல்லை. மூன்று கொக்கிகளாகிவிட்டன, ஒன்றை வீட்டுக்காரம்மா களை கிள்ள வாங்கிப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் வெறும் ஆணி.

நேற்று நான் சிப்ஸ் கடை வழியாக வந்தது வேறொன்றுக்காக இல்லை. சப்ளை ஆபீசில் ரேஷன் கார்டு விலாசம் மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.