எண்ணெய் குடித்த பிரிண்டர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகும். மருமகள் ஒரு கொப்பியைத் தந்து, "வாயால சொல்ற மாதிரியே எழுதுங்க மாமி" என்றதால் எழுதுகிறேன். ஆட்கள் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவளுக்குக் கொப்பி பரவாயில்லை. அது திருப்பிக் கேள்வி கேட்காது.

எங்கள் வீடு கண்டக்குழியில், கடலுக்குக் கிட்ட. நானும் மகனும் மருமகளும் இருக்கிறோம். மகன் கடல் தொழிலுக்குப் போகிறவன். மருமகள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர். அந்த வருஷம் அவளிடம் பதினான்கு பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமானார்கள்.

அவள் படிப்பிக்கிற விதம் ஒரு தனி விதம். பின்னேரம் பிள்ளைகளின் விடைகளைப் பார்ப்பாள். எந்தப் பிள்ளை எதில் பிழை விட்டதோ, அதற்கென்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்வித்தாள் செய்வாள். பதினான்கு பிள்ளைக்குப் பதினான்கு தாள். இதற்காகத்தான் பிரிண்டர் வாங்கி வீட்டு மண்டபத்தில் வைத்தாள். டவுணுக்கு பஸ் ஏறிப்போய் அடித்துக்கொண்டு வருவதென்றால் அந்தப் பொழுது முழுக்கப் போய்விடும்.

வந்த நாளில் அது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. சோளகக் காற்று தொடங்கி, உப்பும் மணலும் ஜன்னலால் உள்ளே வர வரத்தான் குரல் மாறியது. முதலில் ஒரு முனகல். பிறகு கர்ர்ர் என்று ஒரு இழுவை. பிறகு, யாரோ தகரத்தை நகத்தால் பிறாண்டுவது போல ஒரு கீச்சு. நான் அசர் தொழ நிற்கும் நேரம் பார்த்து மருமகள் தாள் அடிக்கத் தொடங்குவாள். தொழுகையில் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போகும்.

மகன் பாயில் படுத்தபடி சத்தம் போடுவான். "கடலுக்குப் போனாலும் இஞ்சின், வீட்ட வந்தாலும் இஞ்சினா? இதக் கொண்டு போய் போட்ல பூட்டட்டா?"

"பூட்டுங்க. உங்கட இஞ்சின விட நேரத்துக்கு ஸ்டார்ட் ஆகும்" என்பாள் மருமகள்.

அவர்கள் இரண்டு பேரும் இப்படிக் கதைப்பதைக் கேட்க எனக்கு ஆசை. பிரிண்டர் வந்த பிறகுதான் கதை கூடியது என்றும் சொல்லலாம்.

கம்பெனிக்கு போன் எடுத்தோம். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்ததும் போன் கட். சிங்களத்துக்கு அழுத்தினால் ஆள் வந்தது. மருமகளின் சிங்களம் புத்தகச் சிங்களம். நான் சிலாபம் பக்கம் பிறந்து, சிங்கள வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். "மாமி, நீங்களே கதைங்க" என்று போனை என் காதில் வைத்துவிட்டாள். வாழ்நாளில் முன்பின் தெரியாத ஆணோடு நான் அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் கதைத்தேன்.

முதல் ஆள், நிறுத்திவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் நாள் வந்தவருக்கு முதல் ஆளைத் தெரியாது. கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இன்டர்நெட்டில் பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் ஒருவர் போனைப் பிரிண்டருக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். பூனை கூட எழுந்து வெளியே போனது. அவர் நிதானமாக, "அது சாதாரண சத்தம்தான், அம்மா" என்றார்.

கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே எண்ணெய் காணாத இரும்பு வாழாது. கேட் கொண்டி, பூட்டு, சைக்கிள் செயின், தையல் மெசின், எதுவென்றாலும் உப்புக் காற்று தின்பதற்கு முன்னால் நாங்கள் எண்ணெய் விட்டுவிடுவோம். சத்தம் வந்தால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். ஆகவே ஒரு காலை, மருமகள் பள்ளிக்குப் போன பிறகு, நான் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே குறுக்கே ஒரு கம்பி. அதில் துரு பொட்டுப் பொட்டாக இருந்தது. பாவமாக இருந்தது. தையல் மெசின் எண்ணெயைக் கம்பிக்கு விட்டேன். அதோடு நின்றிருக்கலாம். கறுப்பு ரப்பர் உருளைகளும் காய்ந்து கிடக்கிற மாதிரித் தெரிந்ததால் அவற்றுக்கும் தாராளமாக விட்டேன்.

அன்று பின்னேரம் பிரிண்டர் சத்தமே போடவில்லை.

"அல்லாஹ்ட கிருப மாமி, தானா சுகம் வந்துட்டு!" என்றாள் மருமகள். நான் அடுப்படியில் நின்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். நாலு தாள் வந்தது. நாலிலும் பொரித்த அப்பளம் வைத்த கடதாசி மாதிரி எண்ணெய்க் கறை. ஐந்தாவது தாளை அது இழுக்கவே இல்லை. உருளை சும்மா சுற்றியது, தாள் வழுக்கி அங்கேயே கிடந்தது.

பரீட்சைக்கு அப்போது ஒன்பது நாள்.

நான் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பவும் அடுப்படிக்கே போய்விட்டேன். மை கசிந்துவிட்டது என்று அவளாகவே முடிவு செய்து கம்பெனிக்கு முறைப்பாடு கொடுத்தாள். வகுப்பில் போன் எடுக்க முடியாதென்று என்னுடைய இலக்கத்தைக் கொடுத்தாள். பிறகு கையால் எழுதத் தொடங்கினாள். முக்கோணம், சதுரம் எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறி, ஒரு பின்னேரத்தில் ஐந்து பிள்ளைக்குத்தான் முடிந்தது. மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கும் கரும்பலகையில் ஒரே கேள்விகள். விரலை நெட்டி முறித்துக்கொண்டே கம்பெனிக்காரரை ஏசுவாள். ஒவ்வொரு ஏச்சும் என் முதுகில் விழுந்தது.

நாலாம் நாள் காலை என் போன் அடித்தது. ஒரு சிங்களப் பெண் பிள்ளை, இளம் குரல். என்ன பழுது என்று கேட்டாள், சொன்னேன். கடைசியாக, "அம்மா, உள்ளே ஏதாவது விட்டீர்களா?" என்றாள்.

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, விட்டேன் என்று சொன்னால் நான் அப்படியே எழுத வேண்டும். எழுதினால் வாரண்டி போய்விடும். இல்லை என்றால் ஆள் அனுப்புவோம். மூன்று கிழமையாகும். திரும்பவும் கேட்கிறேன். விட்டீர்களா?"

மூன்று கிழமை. பரீட்சை முடிந்து பிள்ளைகள் விளையாடப் போயிருப்பார்கள். பொய் சொன்னால் மருமகளும் அந்த ஆளை நம்பிக் காத்திருப்பாள்.

"விட்டேன் துவ" என்றேன். சிங்களத்தில் மகளே என்று சொல்வது அப்படித்தான். "தையல் மெசின் எண்ணெய்."

"எவ்வளவு?"

"சின்னப் போத்தலில் பாதி."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு, உடனே இருமல். பிறகு, மன்னிக்கவும், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று மனப்பாடமாகச் சொன்னாள். அதன் பிறகு பாட்டு.

மருமகள் வந்ததும் பாதிப் போத்தலை அவள் கையில் வைத்தேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன், பொறுக்க முடியவில்லை.

அவள் போத்தலைப் பார்த்தாள், பிரிண்டரைப் பார்த்தாள். "மாமி... நீங்களா? நாலு நாளா நான் அவங்கள ஏசிக்கிட்டு ஈக்கிறன்!"

"அவங்களையும் ஏசலாம் மகள். நேரத்துக்கு வந்திருந்தா நான் ஏன் விடப் போறன்?"

கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்துபோனேன். தோள் குலுங்கியது சிரிப்பால்தான். ஆனால் சிரித்து முடித்து நிமிர்ந்தபோது கண் நனைந்துதான் இருந்தது. "ஒன்பது பிள்ளைக்குத் தாள் இல்ல மாமி" என்றாள்.

சத்தம் கேட்டு மகன் எழுந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும், "ரப்பருக்கு எண்ணெய் விட்டீங்களா உம்மா? என்ட இஞ்சின் பக்கம் மட்டும் வந்திடாதீங்க!" என்றான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான். "சவுக்காரத் தண்ணியில துணிய நனைச்சு, நல்லாப் புழிஞ்சு துடைச்சுப் பாப்போம். மண்ணெண்ணெய் மட்டும் போட்டிடாதீங்க, ரப்பர் ஊதிப் போகும்."

கரண்ட் வயரைக் கழற்றினோம். மகன் உடுத்திய பழைய சாரத்தைத் துணி துணியாகக் கிழித்தோம். மருமகள் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். உருளைக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பல்லுச் சில்லை மகன் விரலால் சுற்ற, அது மெதுவாகத் திரும்பியது. நான் துடைத்தேன், பால்குடிப் பிள்ளையின் கழுத்து மடிப்பைத் துடைக்கிற மாதிரி. சவுக்காரத் துணி, வெறும் தண்ணீர்த் துணி, பிறகு காய்ந்த துணி. எத்தனை தரம் என்று ஞாபகம் இல்லை. அசர் தொழுதுவிட்டு வந்து தாளை வைத்தோம்.

முதல் தாள் வழுக்கியது. இரண்டாவது பாதி போய்ச் சிக்கியது. அதை இழுத்து எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தோம். அது கர்ர்ர் என்று கத்திக்கொண்டு உள்ளே போய், ஓரத்தில் மட்டும் கறையோடு வெளியே வந்தது. ஏழாவதோ எட்டாவதோ சுத்தமாக வந்தது.

"கத்துது மாமி!" என்றாள் மருமகள், பிள்ளை பிறந்த வீட்டில் சொல்வது போல.

"கத்தட்டும்" என்றேன்.

பதினான்கும் அடித்து முடிகிற நேரம் என் போனுக்கு கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மருமகள் வாசித்தாள். உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தார்கள். அவள் ஒன்று போடப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "போன்ல கதைச்ச பிள்ளைக்கு ஏதும் வந்திடும் மகள். அவ என்ன செய்வா?" கடைசியில் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை பிள்ளைகளுக்குத் தாள் போனது. படகில் வந்து படிக்கிற உச்சமுனைப் பிள்ளைகள் இரண்டு பேர், காற்றுக்குப் பயந்து அந்தக் கிழமை முழுக்கப் படகேறவில்லை. அவர்களுடையதை பொலித்தீன் பையில் சுற்றி மகனிடம் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து, "குடுத்துட்டன். எண்ணெய் மணக்குதாம்" என்றான். பரீட்சைக்கு முதல் நாள் வரைக்கும் பிரிண்டர் ஒவ்வொரு பின்னேரமும் கத்தியது. ஒரு பிள்ளைக்கும் தாள் தவறவில்லை.

எழுதியதில் பிழை இருக்கும். உச்சமுனைப் பிள்ளைகள் இரண்டு பேரா மூன்று பேரா, கம்பெனிப் பிள்ளை அழைத்தது நாலாம் நாளா ஐந்தாம் நாளா என்பது எனக்கு நிச்சயம் இல்லை. மருமகள் இதை வாசித்துப் பார்த்துத் திருத்தட்டும். அவளுக்கு நேரம் இல்லாவிட்டால், அந்தப் பிள்ளைகளில் யாராவது பார்த்துச் சொன்னாலும் போதும்.