பாதி அளவில் பதினான்கு பேர்: அருள்புரத்தில் தொடங்கி அவிநாசிபாளையத்தில் முடிந்த துரத்தல்

திருப்பூருக்கு ஊர் உலகமெல்லாம் பனியன் எடுக்கப் போகும். நான் ஆள் எடுக்கப் போனவன். ஓய்வு பெறுவதற்கு முன் இரண்டரை வருடம் கோவையில் ராணுவ ஆள்சேர்ப்புப் பிரிவில் ஹவில்தாராக இருந்தேன். பள்ளிக்கூடம், ஐடிஐ, பனியன் கம்பெனி என்று சுற்றி, எப்படி விண்ணப்பிப்பது, என்ன உயரம் வேண்டும், எவ்வளவு ஓட வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்வது என் வேலை. அந்த வேலையில் போன பயணங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை, ஒரே பகல், என் பழைய பைக்கில் 132 கிலோமீட்டர். தப்பு முழுக்க என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர்ப் பக்கம் ஆள் சேர்ப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று போனவனுக்குத்தான் தெரியும். இங்கே ஒவ்வொரு கேட்டிலும் ஒரு போர்டு தொங்கும்: ‘ஆட்கள் தேவை. டெய்லர், ஓவர்லாக், செக்கிங், கைமடி.’ ஊரே ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது நானும் போய் நின்றால் மேனேஜர்கள் எப்படி வரவேற்பார்கள்? “ஏனுங்க சார், இருக்கற நாலு பேரையும் நீங்க கூட்டீட்டுப் போயிட்டா எங்க ஷிப்மென்ட்ட யாருங்க பார்க்கறது?” என்று சிரித்துக்கொண்டே டீ கொடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்த மரியாதையில் கோபப்படவும் முடியாது. பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, “சனிக்கிழமை சம்பளம் போட்டுருவாங்களா சார்?” ஆர்வமாக ஓடி வருகிறவர்களில் பாதிப்பேர் பீகார், ஒடிசாப் பையன்கள். அவர்களிடம் இந்தியில் பேசி, சொந்த மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

இதெல்லாம் போதாதென்று, எங்கே போனாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும். “சார் எப்பங்க ரிட்டயர்டு? நம்ம கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆபீசரா வந்துருங்களேன்.” முதலிபாளையம் சிட்கோவில் ஒரு கம்பெனி மேனேஜர் இதை என்னிடம் ஆறு தடவை கேட்டிருக்கிறார். நான் ஒரு ஆளைக் கூடப் பிடிக்காத நாளில் என்னைப் பிடிக்க ஆறு பேர் நிற்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த வருடம் நானே ஒரு தாள் தயாரித்தேன். பெயர், வயது, படிப்பு, உயரம், எடை, மார்பளவு. தேறாதவர்கள் வீணாக லீவு போட்டு அலைய வேண்டாமே என்கிற நல்ல எண்ணம்தான். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் இருபது தாள் கொடுத்துவிட்டு வந்தேன். பதினான்கு நிரம்பி, போட்டோவாக வாட்ஸ்அப்பில் வந்தன. பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. மார்பளவு 77 சென்டிமீட்டர் வேண்டும், மூச்சை இழுத்தால் 5 கூட வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். இவர்கள் எழுதியிருந்தது 40, 41, 43, 42! பதினான்கு பேருமே அப்படி.

என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பதினான்கில் செல்வின் என்று ஒரு பையன் தினமும் போன் செய்து, “சார், என் தாள பாத்தியளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அழைத்தான். கடுப்பில் எடுக்காமல், “தம்பி, உன் அளவு பத்தாது. வேற வேலையப் பாரு” என்று ஒரு செய்தி தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் அழைக்கவில்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பாவி நான்.

புதன்கிழமை சாயங்காலம் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சட்டை தைக்க என் மனைவி அளவெடுத்துக்கொண்டிருந்தாள். “மார்பு அறுபத்திரண்டு, எழுதிக்கோங்க” என்றாள். எழுதிய பேனா அப்படியே நின்றது. ஆறாவது படிக்கும் குட்டிக்கு 62 என்றால், நூற்றெழுபத்து மூன்று உயரத்தில் இருக்கும் செல்வினுக்கு எப்படி 42? எங்கேயோ இடிக்கிறது. அவனை அழைத்தேன், மணி போகவே இல்லை. மனைவி போனிலிருந்து அழைத்தாலும் புது எண்ணை அவன் எடுக்கவில்லை. இணையத்தில் விண்ணப்பிக்க மறுநாள் மாலை ஐந்து மணிதான் கடைசி. தாளில் அவன் பிறந்த தேதியைப் பார்த்தேன். அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும். அவனுக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

காலை 6:30க்குக் கிளம்பினேன். பெட்ரோல் 300 ரூபாய்க்கு. சூலூர் தாண்டிக் காற்று நன்றாக இருக்கும், ஆனால் லாரி அதிகம், பார்த்துப் போங்கள். பல்லடத்தில் 7:50க்கு நான்கு இட்லி, ஒரு டீ, 58 ரூபாய். அங்கிருந்து திருப்பூர் ரோட்டில் அருள்புரம். என் மீட்டர்படி வீட்டிலிருந்து 44 கிலோமீட்டர். 8:25க்கு கேட்டில் நின்றேன், ஷிப்ட் தொடங்கிவிட்டது. தாள்களை நிரப்பி அனுப்பிய செக்கிங் சூப்பர்வைசர் மகேஸ்வரியைப் பார்க்க வேண்டும் என்றேன். டீ டைமுக்குத்தான் விடுவோம் என்றார்கள். 11 மணி வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன்.

மகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், காதில் பென்சில். பெரிய செக்கிங் டேபிளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாருமே தேறமாட்டார்கள் என்று அவருக்கும் நான் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன்.

“அந்த அளவை எழுதினது யாரும்மா?” என்றேன்.

“நான்தானுங்க. ஏனுங்க? நான் அளந்தா ஒரு சென்டி முன்னப்பின்ன ஆகாதுங்க சார். ஜெர்மனிக்காரன் பீஸ கொண்டுபோயி அளந்து பாத்துட்டு ஓகே சொல்றானுங்க. நீங்க என்னடான்னா வாய்ஸ்ல அந்தப் பேச்சுப் பேசறீங்க.”

“அதுக்கில்லம்மா. எப்படி அளந்தீங்க, காட்டுங்க.”

அவர் பக்கத்தில் கிடந்த ஒரு டி-ஷர்ட்டை டேபிளில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி, இந்த அக்குளிலிருந்து அந்த அக்குளுக்கு டேப்பை நேராக வைத்தார். “இப்படித்தானுங்க. பசங்களோட பனியன வாங்கி விரிச்சு வச்சேன். உடம்போட ஒட்டற பனியன்தானுங்க, அளவு மாறாது. செஸ்ட் நாப்பத்திரண்டு.”

“இது பாதிதானேம்மா! பின்பக்கம் எங்கே?”

“பாதிதானுங்க சார் எழுதுவோம். உலகம் பூரா ஹாஃப் செஸ்ட்தானுங்க. நீங்க முழுசு வேணும்னு எங்கீங்க எழுதீருக்கீங்க?”

எங்கேயும் எழுதவில்லை. இருபது வருடம் பட்டாளத்தில் நெஞ்சைச் சுற்றி அளப்பதையே பார்த்துப் பழகியவனுக்கு, மனிதனை மேசையில் விரித்து அளக்கும் ஊர் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. “எழுதலம்மா” என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் அந்த செக்‌ஷனே திரும்பியது. “அய்யோ சாமி! அப்ப நாங்க எல்லாத்தையும் பாதி ஆளா அனுப்பிச்சுப்போட்டமா!” எனக்கும் அடக்க முடியவில்லை. டேபிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கணக்குப் போட்டால், உயரம் பத்தாத மூன்று பேர் போக, பதினான்கில் பதினொரு பேர் நன்றாகவே தேறுவார்கள். அதில் பத்துப் பேர், நான் என்ன சொன்னாலும் பார்த்துக்கலாம் என்று ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். என் பேச்சை நம்பியவன் ஒருவன்தான்.

“செல்வின் நாலு நாளா வர்றதில்லைங்க” என்றார் மகேஸ்வரி. “ஊருக்குப் போறேன்னு சொன்னான். அவுங்கம்மா எஸ்தரக்கா முதலிபாளையத்துல செக்கிங் போறாங்க. எனக்கு அவுங்க நம்பர் தெரியும், ஆனா எடுக்கமாட்டாங்க. அங்க செல்போன கேட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. நீங்க நேரா போயிருங்க சார்.” கிளம்பும்போது கழுத்து டேப்பைக் கழற்றி என் கையில் திணித்தார். “இத வச்சு முழுசாவே அளந்துக்கங்க. திருப்பிக் கொண்டாந்து குடுத்துறோணும்.”

அருள்புரத்திலிருந்து முதலிபாளையம் 17 கிலோமீட்டர். திருப்பூருக்குள் நுழையாமல் போகலாம் என்று ஒருவர் குறுக்கு வழி சொன்னார். தயவுசெய்து கேட்காதீர்கள், நான் இருபது நிமிடம் இழந்தேன். 12:20க்குப் போய்ச் சேர்ந்தால், அது என்னை ஆறு தடவை வேலைக்குக் கூப்பிட்ட அதே கம்பெனி! “வாங்க சார்! ஜாயின் பண்ணத்தானுங்க வந்தீங்க?” என்று மேனேஜர் கையைப் பிடித்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணி சாப்பாட்டு பெல்லுக்கு முன்பே எஸ்தரை வரவழைத்தார்.

எஸ்தர் ஒல்லியான அம்மா, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ரேஷன் கார்டு வரை திருப்பூருக்கே மாறிவிட்டவர். நான் யாரென்று சொன்னதும் இடுப்பில் கை வைத்தார். “எம்புள்ளய வேண்டாம்னு சொன்ன பட்டாளத்து சாரு நீங்கதானா? ரெண்டு நாளு அவன் சோறு திங்கல சார். ஓடுத ஷூவ தூக்கி பரண் மேல எறிஞ்சிட்டான். வேற வேலைய பாக்கச் சொன்னிய, பாக்கதுக்குத்தான் இன்னைக்கு ஊருக்குப் போறான், அவன் மாமன் மாவு மில்லுக்கு.”

“தப்பு என் மேலதாம்மா. அவன் அளவு சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியா கேக்கல.” இருபது வருட சர்வீசில் நான் மன்னிப்புக் கேட்ட இடங்கள் குறைவு. அந்த கேட்டில், செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருக்க, கை கூப்பிக் கேட்டேன்.

“நெசத்த சொல்லுதேன் சார். நீங்க வேண்டாம்னு சொன்னப்ப எனக்குள்ள ஒரு சந்தோசம் இருந்துச்சு. ஒத்தப் புள்ள. ஆனா அவன் மூஞ்சிய பாத்து எனக்குத் தாங்கல.” கேட்டில் கொடுத்து வைத்திருந்த தன் போனை வாங்கினார், மகனை அழைத்தார். என் எண்ணை மட்டும்தான் அவன் தடை செய்திருந்தான் போலிருக்கிறது, அம்மாவுக்கு முதல் மணியிலேயே எடுத்தான்.

“ஏல, எங்க இருக்க? பஸ்ஸுலயா? கோவில்வழி தாண்டிட்டா? அவிநாசிபாளையத்துல எறங்கு. எதுக்கா? பட்டாளத்து சாரு வாராவ. உன் நெஞ்சு சரியாத்தான் இருக்காம், அவுகதான் பாதிய பாத்தாவளாம். எறங்குல பேசாம!”

மணி 1:15. முதலிபாளையத்திலிருந்து அவிநாசிபாளையத்துக்கு 14 கிலோமீட்டர். அந்தச் சாலையில் நான் ஓட்டிய வேகத்தை இங்கே எழுதப்போவதில்லை. 1:30க்கு தாராபுரம் ரோட்டுக்கு வந்தால், டீக்கடை வாசலில் ஒரு டிராவல் பேக், ஒரு கட்டைப்பை, நடுவில் செல்வின். எழுந்து நின்றான்.

“சட்டையக் கழட்டுடா” என்றேன். அங்கேயே, கடைக்காரர், பால்காரர், பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் எல்லோரும் பார்க்க, மகேஸ்வரியின் டேப்பைச் சுற்றினேன். 82. “மூச்ச இழு.” 86. ஐந்து வேண்டும், நாலுதான் வருகிறது. இன்னொரு தடவை. 86. விண்ணப்பிக்க அது தேவையில்லைதான், ஆனால் ஆள்சேர்ப்புக் களத்தில் அளக்கும்போது தேற வேண்டுமே!

“டேய், நான் உனக்கு அனுப்பின மெசேஜ நினைச்சுக்கோ. என்னைத் திட்டணும்னு தோணுச்சில்ல? அத்தனையும் உள்ளேயே வச்சு இழு!”

அவன் முகம் சிவந்தது. இழுத்தான் பாருங்கள், டேப் என் விரலிலிருந்து நழுவியது. 88! “எம்பத்தெட்டுங்கோவ்!” என்று டீக்கடைக்காரர் கத்தினார். பால்காரர் கை தட்டினார். செல்வின் முதல்முறையாகச் சிரித்தான். “எவ்வளவு திட்டு வச்சிருந்தேன் தெரியுமா சார்” என்றான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் ஊருக்கு எடுத்துப்போன பையிலேயே இருந்தன. எதிரிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தோம். கடைசி நாள் என்பதால் தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. போட்டோ ஏறவில்லை, ஓடிபி வரவில்லை, வந்தது காலாவதியானது. சென்டர் நடத்திய அக்கா மதியச் சாப்பாட்டுக்கு எழவே இல்லை. 4:12க்குப் பச்சை எழுத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. மூவரும் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டோம், 75 ரூபாய். நான் பொங்கலூர், பல்லடம் வழியாக 57 கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்தேன். வழி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன், என் குரல் அவ்வளவு நன்றாக இருக்காது.

நீங்களும் ஆசிரியராகவோ, என்சிசி அதிகாரியாகவோ, ஆள் சேர்ப்பவராகவோ இந்தப் பக்கம் வந்தால் சில விஷயங்கள். சனிக்கிழமை வராதீர்கள், சம்பள நாளில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். காலை 11, மாலை 4, இந்த இரண்டு டீ டைம்தான் நமக்கு. போனை நம்பாதீர்கள், நிறைய கம்பெனிகளில் அது கேட்டில் தூங்கும். மேனேஜர் கொடுக்கும் டீயைக் குடியுங்கள், நன்றாக இருக்கும். தாள் ஏதாவது நிரப்பச் சொன்னால், எப்படி அளப்பது என்று படம் போட்டுக் காட்டுங்கள். தப்பாக ஒரு பதில் வந்தால், எழுதியவனைத் திட்டும் முன் கேள்வியை ஒரு தடவை படித்துப் பாருங்கள். கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு, ஏழாவது தடவை கேட்டபோது அந்த முதலிபாளையம் மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்த கேட்டில் செக்யூரிட்டி ஆபீசர் நான்தான். முதல் வேலையாக அருள்புரம் போய் டேப்பைத் திருப்பிக் கொடுத்தேன். தினமும் 8:20க்கு எல்லோருடைய போனையும் வாங்கி, நம்பர் போட்ட டப்பாவில் வைப்பதும் நான்தான். சாப்பாட்டு பெல் அடிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது ரூல்.

போன வாரம் பத்தரை மணிக்கு எஸ்தரம்மாவின் போன் டப்பாவுக்குள் அடித்தது. தெரியாத எண். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

“அம்மா?”

“அம்மா உள்ள இருக்காங்க. நான் கேட்டுல இருந்து பேசுறேன்டா.”

“சார்! நீங்களா? ட்ரெய்னிங் சென்டருக்கு வந்து சேந்துட்டேன் சார். இப்பத்தான் யூனிஃபார்முக்கு அளவு எடுத்தாங்க. அஞ்சு நிமிசம்தான் போன் குடுத்திருக்காங்க, அம்மாட்ட குடுப்பியளா?”

ரூலாவது ஒன்றாவது. போனைத் தூக்கிக்கொண்டு லைனுக்குள் ஓடினேன். எஸ்தரம்மா டேபிளில் ஒரு பீஸை விரித்து வைத்தபடியே போனைக் காதில் வைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார், குளிருகிறதா என்று கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி, “எம்பத்து மூணாம்!” என்றார்.

“பாதியாங்க, முழுசாங்க அக்கா?” என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

“முழுசு!” என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கத்தினோம்.