வெயிலுக்கு வைத்த கரி

சாயத்தண்ணியை வெயில் கொண்டு தெளிய வைக்கும் பொடி செய்வது என் தொழில். மழை வந்தால் நடைபாதை வியாபாரிக்கும் எனக்கும் ஒரே கவலை.

ஆராய்ச்சி என்ற பெயரில் வருடக்கணக்காக மாரடிப்பவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. பொடியின் பெயர் சிங்க் ஒக்சைட். வெயில் பட்டால் தண்ணியிலுள்ள சாயத்தைச் சிதைத்துவிடும். ஆனால் அதற்கு வெயிலில் ஒரு சின்னப் பங்கைத்தான் பிடிக்கும். மற்ற வெளிச்சத்துக்கும் பழக்க வேறொரு உலோகத்தைத் துளியளவு கலப்போம். அதுவும் சரிவராவிட்டால் இன்னொரு பொருளோடு சேர்த்துக் கட்டுவோம். வருட முடிவுக்குள் உண்மையான சாயப்பட்டறைத் தண்ணியில் செய்து காட்டாவிட்டால் என் பட்டப் பதிவு ரத்து என்று மேற்பார்வை செய்யும் மேடம் சொல்லிவிட்டார். ஏற்கெனவே கெஞ்சி நீட்டித்த பதிவு.

லிஃப்டில் ஒரு விரிவுரை

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் அன்ரி என்னை லிஃப்டில் பிடித்துக்கொண்டார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார், சொன்னேன். சிங்க் ஒக்சைட் என்ற பெயரை வெயிலுக்குப் பூசும் கிறீமில் வாசித்திருக்கிறாராம். விட்டேனா? வெளிச்சம் பட்டால் இலத்திரன் எப்படி எழும்பும், சாயம் எப்படி உடையும் என்று மூச்சுவிடாமல் விளங்கப்படுத்தினேன். தன் மாடி வந்தும் இறங்காமல் கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் சொன்னார்: "அதெல்லாம் சரி பிள்ளை. பூசினால் எத்தினை நாளிலை வெளுக்கும்?"

வெள்ளி

தெமட்டகொடையில் சாயப்பட்டறை வைத்திருக்கும் நசார் நானா, பெரிய மனசு பண்ணித் சாக்கடைக் கானில் விடும் தன் கழிவுத்தண்ணியைத் தர ஒப்புக்கொண்டார். ஆய்வுகூடத்தில் வெள்ளி கலந்த பொடிதான் கெட்டித்தனம் காட்டியது. பெருமையோடு போய்ச் சொன்னேன். நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளியையா தங்கச்சி கானுக்குள்ள ஊத்தச் சொல்றீங்க? அப்ப பட்டறைக்கில்ல, கானுக்குத்தான் காவல் போடணும்."

பால்

வெள்ளியை விட்டுச் செம்புக்கு வந்தேன். ஆய்வுகூடத்து நீலச்சாயம் ஒரு பின்னேரத்தில் காணாமல் போனது. பட்டறைத் தண்ணி அப்படியா? உப்பு, சவர்க்காரம், நானாவின் சகல நிறங்களும் அதற்குள். ஒரு மாதிரி நிறம் மங்கியது, ஆனால் பொடி அடியில் படிய மாட்டேன் என்றுவிட்டது. தொட்டி முழுக்க வெள்ளை வெளேர்.

நானா எட்டிப் பார்த்தார். "முந்தி கானுல சாயம் ஓடிச்சி, இப்ப பால் ஓடுது. முனிசிபல் ஆள் வந்தா சீனியும் போட்டுக் குடுக்கவா?"

இருட்டு

பொடி படியட்டுமென்று தேங்காய்ச் சிரட்டைக்கரியோடு சேர்த்துச் சுட்டேன். பட்டறைத் தண்ணி குடிக்கலாம் போலத் தெளிந்தது. படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பி, ஆய்வுகூடத்தில் கேக்கும் வெட்டினோம்.

பிறகுதான் மேடம், ஒரு பாத்திரத்தை ஃபொயிலால் மூடி வெயில் படாமல் வைக்கச் சொன்னார். எங்கள் தொழிலில் முதலில் செய்யவேண்டிய பரிசோதனை அது. கேக் அவசரத்தில் கடைசிக்குப் போய்விட்டது. மூடி வைத்த பாத்திரத்துத் தண்ணியும் அதேபோலத் தெளிந்திருந்தது. கரி சாயத்தை உறிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். வெயிலுக்கும் என் பொடிக்கும் அதில் பங்கே இல்லை. மேடம் கோபப்படக்கூட இல்லை. "இருட்டிலையும் தெளியுதெண்டால் வெயில் எதுக்கு, சிங்க் எதுக்கு, பிள்ளை, நீர் எதுக்கு?"

தகரக்கூரை

நானாவிடம் மறைக்க மனம் வரவில்லை. சொன்னதும், கரியே போதுமென்று மனுசன் கடையில் வெறும் கரி மூட்டை வாங்கிவிட்டார். பட்டறையில் சாயம் குடித்து மிஞ்சிக் கிடந்த என் பழைய கரியை, காய்ந்தால் எறிய இலகுவென்று தகரக்கூரையில் பரப்பினாராம். கடைக்கரி சாயம் குடித்துக் களைத்த அன்று, அவசரத்துக்கு அந்தக் கரியை அள்ளித் தொட்டியில் போட்டிருக்கிறார். தண்ணி தெளிந்துவிட்டது. நான் பதிவு ரத்துக் கடிதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, அவரிடமிருந்து போன் வந்தது: "தங்கச்சி, கடைக்கரியையும் காயப்போட்டுப் பாத்தேன், அது செத்தது செத்ததுதான். உங்கட கரிக்கு மட்டும் வெயில்ல உசிர் வருது. அதுக்குள்ள என்னத்தப் போட்டீங்க?"

சிங்க்கைத்தான் போட்டிருந்தேன். கரி குடித்த சாயத்தை வெயிலில் அதுதான் தின்றிருக்கிறது. பழைய கரியில் ஒரு பாதியை மூடியும் மறுபாதியை வெயிலிலும் வைத்து, இந்தமுறை கேக் இல்லாமல், மேடத்திடம் காட்டினேன். மூடியது செத்தே கிடந்தது, வெயில் கண்டது தண்ணியைத் தெளியவைத்தது. மேடத்தின் கையெழுத்து விழுந்தது.

தண்ணியைத் தெளிய வைக்கிறேன் என்று போன எனக்கு, கரியைக் கழுவியதற்குத்தான் பட்டம் தந்தார்கள்.