கூரையைப் பிரித்தவர்கள்

யுத்தம் முடிந்த சமயம். செஞ்சியில் கூரை வீட்டுக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுத்த ஒரே பைத்தியக்காரன் நான்தான்.

ஒரு கோடையில் பக்கத்து வீடு பற்றிக்கொண்டது. தீ தெரு முழுக்கத் தாவாமலிருக்க, தெருக்காரர்கள் அந்தக் கால வழக்கப்படி என் கூரையைப் பிரித்தெறிந்தார்கள்.

"உங்கள் வீடு எரியவில்லையே" என்று கம்பெனி கைவிரித்தது. விடுவேனா? சண்டை போட்டு கம்பெனி இன்ஸ்பெக்டரை வரவழைத்தேன்.

"இது ஆளுங்க செஞ்ச சேதம். யார் பிரிச்சாங்கன்னு போலீஸ்ல எழுதிக் குடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அன்று என் கூரையைப் பிரித்துவிட்டு, இப்போது புதிதாக வேயப் பனையோலை சுமந்து வந்த காசிம் பாயும் சூசையும் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நானேதான் பிரிச்சேங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் கிளம்பிவிட்டார்.

காசிம் பாய் கூரையேறிச் சிரித்தார். "இந்தத் தபா கட்டு எளக்கமாவே போடறேன். பிரிக்க சுலுவா இருக்கும்."

இப்போது எனக்குத் தளம் போட்ட வீடு. அதைப் பிரிக்க யாரும் ஓடிவர வேண்டியதில்லை. அதுதான் குறை.