அய்யாதுரை வீட்டு ஒரு கரண்டிச் சோறு

நாரணாபுரத்தை அடுத்த எங்கள் ஊரில் புரட்டாசி பிறந்தும் மழை இல்லையென்றால் பெண்கள் மழைச்சோறு எடுப்போம். வீடு வீடாக உப்பில்லாச் சோறு வாங்கி, வறண்ட ஊருணிக்குள் உட்கார்ந்து ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, ஊரை விட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைப்போம். வானத்துக்கு மனசு கேட்காது. ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. எங்களுக்கு முன்னே நடப்பவள் பஞ்சம்மாள். மழை பெய்ததும் ஊருணித் தண்ணீரில் முதல் கால் வைப்பவளும் அவள்தான்.

மற்ற நாளெல்லாம் என்னைப் போலப் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் ஒட்டுகிறவள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஒப்பாரிக்கு வாய் திறந்தால் மட்டும் கல்லும் கரையும்.

அறுபத்திரண்டாம் வருசம் ஒரு வம்பு வந்தது. எங்கள் மேனேஜர் அய்யாதுரை அப்போதுதான் ஊருக்குள் குடிவந்திருந்தார். தீபாவளி சீசன், ஒட்டிய குழாய்கள் தட்டுத் தட்டாகக் கம்பெனிக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் வாசலில் நின்று மழைச்சோறு கேட்டதும் மனுசருக்கு முகம் சுண்டிவிட்டது. லோடு போகிறவரை துளி விழக்கூடாதென்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், என் கையாலேயே மழையைக் கூப்பிடுவேனா என்றார்.

ஒரு வீட்டுச் சோறு குறைந்தாலும் மழை வராது என்பது முறை. ஆனாலும் வேலை போய்விடுமே என்று நாங்கள் பஞ்சம்மாளின் சேலையைப் பிடித்து இழுத்தோம். குடிக்கத் தண்ணீரில்லாத ஊரில் வேலையை வைத்து என்ன செய்ய என்று அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சோறு போடுங்கய்யா. மழை வந்தா, கடைசித் தட்டு உள்ள போற வரைக்கும் நான் களத்த விட்டு நகர மாட்டேன்."

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அந்தத் தைரியத்தில் ஒரு கரண்டி போட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் இடி இடித்தது. ஊர்ப் பெண்கள் ஊருணிக்கு ஓட, கம்பெனிக்காரிகள் நாங்கள் களத்துக்கு ஓடினோம். "நீ கூப்பிட்ட ஆளு வந்தாச்சு, தூக்கு பஞ்சம்மா" என்று கத்திக்கொண்டே அய்யாதுரையும் வேட்டியை மடித்துக் கட்டித் தட்டுத் தூக்கினார். இரண்டு தட்டுதான் நனைந்தது. கடைசித் தட்டு உள்ளே போனபிறகே பஞ்சம்மாள் களத்தை விட்டு இறங்கினாள். அதற்குள் மழையே விட்டிருந்தது. இந்த வருசம் முதல் கால் வேறு யாருடையதோ என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவளை ஊருணிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஊருணியில் கணுக்கால் அளவு தண்ணீர். கரை நெடுக ஊர்ப் பெண்கள் ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை.

"எம்புட்டு நேரம்க்கா நிக்கிறது?" என்றாள் கரையில் நின்ற மூக்கம்மாள். "வெரசா வந்து கால வையி."