பூட்டு சாரும் கேட்காமல் திறந்த கதவும்

கணினி அறையின் பூட்டை இழுத்துப் பார்த்தாயிற்று. நாலடி நடந்தவர் திரும்பி வந்து மறுபடியும் இழுக்கிறார். அதுவும் போதாமல் கைப்பிடியைப் பிடித்து ஒரு தொங்கு தொங்குகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் போவதற்கே இந்த அமர்க்களம். சாப்பாட்டுக்கூடம் எதிரிலேயேதான் இருக்கிறது. அங்கேயும் கதவு கண்ணில் படுகிற நாற்காலியில்தான் உட்காருவார். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் நின்றுகொண்டே சாப்பிடுவார்.

எங்கள் குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியின் கணினிப் பிரிவு மொத்தமும் இவர் ஒருவர்தான். எல்லாருக்கும் இவர் பூட்டு சார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் கணினியில் சீட்டாடுவதை நிறுத்திவிட்டு முகத்தில் வேலைக்களையை வரவழைத்துக்கொள்வோம். பாஸ்வேர்டு அடிக்கும்போது இடது உள்ளங்கையால் விசைப்பலகையை மூடிக்கொள்வார். பக்கத்து மேஜைக்காரன் என்ற பாவத்துக்கு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். ஆனால் நியாயஸ்தர். நாங்கள் அடிக்கும்போது சொல்லாமலே அவரும் திரும்பிக்கொள்வார்.

மாதம் பிறந்தால் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். "பொண்ணு பேரு வேணாம். பொறந்த நாள் வேணாம். உங்களுக்கே ஞாபகம் வராத மாதிரி ஒண்ணு வைங்க" என்பார்.

"அப்புறம் நான் எப்படி சார் உள்ள போறது?"

"அப்படி என்ன அவசரம்?"

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை போயிருந்தபோது அவர் மனைவி என்னிடம் கொட்டித் தீர்த்துவிட்டார். "கதவத் தட்டினா 'யாரு'ம்பாரு. 'நான்தான்'னு சொன்னா, 'நான்னா?'ம்பாரு. கல்யாணம் பண்ணி இத்தன வருஷமா குடித்தனம் பண்றேன், இன்னும் நான் யாருன்னு தெரியல இவருக்கு. எங்கம்மாவ ஒருநாள் மழைல நிக்க வெச்சு விசாரிச்சாருங்க!" பூட்டு சார் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அத்தை குரல் அன்னைக்கு ஜலதோஷத்துல மாறியிருந்துச்சு. எப்படி நம்புறது?" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் தலையில்தான் போன வாரம் அந்த இடி விழுந்தது.

சம்பளம், விடுப்பு, சரக்கு எல்லாவற்றையும் தொகுத்து அறிக்கையாகக் கொடுக்கிற மென்பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைச் செய்த கம்பெனியிலிருந்து காலையில் அவசர அறிவிப்பு வந்தது. படித்தவர் நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டார். என்ன சார் என்று கேட்டோம்.

"வாசல்ல ஒரு காவலாளி நிக்கிறான்னு வைங்க. வர்றவன் 'நான் ஏற்கெனவே உள்ள இருந்தவன்தான், இப்பதான் வெளிய வந்தேன்'னு சொன்னா, இவன் சலாம் போட்டு உள்ள விட்டுடுறான். பாஸ்வேர்டே கேக்கறதில்ல."

"அப்ப மாசா மாசம் நாங்க மண்டைய உடைச்சு மாத்தினதெல்லாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் கணக்குப் பிரிவு அக்கா. நானும் சிரித்துவிட்டேன்.

பூட்டு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், அதற்குமேல் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

சட்டென்று அக்காவின் சிரிப்பும் நின்றது. "விடுப்புக்கு நான் குடுத்த டாக்டர் சீட்டும் அதுலதானே இருக்கு?" என்றார் தணிந்த குரலில். என்ன வைத்தியம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. பூட்டு சார் எழுந்து கணினி அறைக்குள் போய் அந்த அறிக்கை மென்பொருளை நிறுத்தினார். அதைச் செய்த கம்பெனி திருத்தம் அனுப்பும்வரை அது ஓடாது என்று அறிவித்துவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து இயக்குநர்கள் கூட்டம். மேலாளர் பறந்து வந்தார். "ரிப்போர்ட் இல்லாம அங்க போய் நான் பாட்டா பாடுறது? திறய்யா!"

"முடியாதுங்க சார். நூத்துக்கணக்கான பேரோட விவரம் இருக்கு."

"கூட்டம் முடியறதுக்குள்ள அது ஓடணும். இல்லேன்னா சாவிய வெச்சுட்டு நடையக் கட்டு."

பூட்டு சார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து என் மேஜைமேல் வைத்தார். வைத்தாரே தவிர, கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகளின் படிப்பு முடிய இன்னும் காலம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு போன் போட்டார். "யாரு?" என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். "நான்தான்" என்றார். பதில் என்னவோ, போனை வைத்தபோது முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கலவரம். மென்பொருளுக்குள் யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவைப் புரட்டியவர் வெளிறிப்போனார். யாரோ ஒருவர் தினமும் காலையில் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறார். சம்பளப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். ஓரிரு மாதமல்ல, வெகுகாலமாக! "திருடன் குடியே வந்துட்டான்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்குள் திருத்தம் வந்து சேர்ந்தது. அதைப் பொருத்தி மென்பொருளை மறுபடி ஓடவிட்டார். பாஸ்வேர்டு கட்டத்தை வெறுமையாக விட்டுத் தட்டிப் பார்த்தார். 'அனுமதி இல்லை' என்றது திரை. அந்த இரண்டு வார்த்தையைப் படித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை.

மேலாளர் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். போன மாத அறிக்கையில் மாதத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுபோயிருக்கிறார். முன்னேற்றம் தெரிகிறது என்று இயக்குநர்கள் பாராட்டினார்களாம்.

"ஓடுதா இப்போ? அப்புறம் ஏன் என் போன்ல திறக்கல? பாஸ்வேர்டு கேக்குதே!"

"முன்னாடி கேக்காதுங்களா?"

"எனக்கு எதுக்குக் கேக்கும்? பழைய லிங்க் ஒண்ணு சேமிச்சு வெச்சிருக்கேன், காலைல எந்திரிச்சதும் தொடுவேன், நேரா உள்ள போயிடும். மேலாளர்னா கேக்காதுன்னுல்ல நெனச்சேன்."

கணக்குப் பிரிவு அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பூட்டு சார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். புதுசா ஒண்ணு வெச்சுக்கலாம். பொண்ணு பேரு மட்டும் வேணாம்."

"என்ன வெக்கிறது, நீயே சொல்லேன்."

"எனக்குத் தெரியக் கூடாதுங்க சார்."

மேலாளர் உட்கார்ந்தார். விசைப்பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெதுவாக இடது உள்ளங்கையைத் தூக்கி மறைத்துக்கொண்டார். பூட்டு சார் அதற்கு முன்பே சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டிருந்தார். என் தோளையும் பிடித்துத் திருப்பினார். பின்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. பூட்டு சார் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை; அவருடைய வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீண்டு, என் மேஜைமேல் சாவிக்கொத்தைத் துழாவிக்கொண்டிருந்தது.