புளி போட்டுத் துலக்கிய கிடார்

குத்துவிளக்குக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் என் கொழுந்தனாரின் சிவப்புக் கிடார்தான் கண்முன் வந்து நிற்கும். நாற்பது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான். புளியில் கை பட்டதும் நெஞ்சு ஒரு முறை திக்கென்று நின்று நடக்கும். காரணத்தை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

நான் வாக்கப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில், கொழுந்தனார் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். கரண்டில் பாடுகிற கிடார். மதராஸில் யாரோ வாசித்துப் பழசாக்கியதை வாங்கி வந்திருந்தார். அகரம், வடமதுரை, எரியோடு என்று எந்த ஊர்த் திருவிழா மேடையானாலும் அது போகும். வீட்டில் அவர் பழகும்போது அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி கேட்பேன். எதிரே போய் உட்கார்ந்து கேட்க வெட்கம். ஒரு பாட்டில் ஓர் இடம் வரும். ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்து இழுப்பார், பிள்ளை சிணுங்கி அடங்குகிற மாதிரி. அது வந்து போகட்டும் என்று தாளிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முதல் கார்த்திகைக்கு வீட்டுப் பித்தளையை எல்லாம் முற்றத்தில் போட்டுத் துலக்கினேன். கிடார் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் கழுத்தில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கம்பிகள் பதித்திருக்கும். தந்தியை அங்கே வைத்து அழுத்தினால்தான் சுரம் மாறும். அந்தக் கம்பிகளின் ஓரமெல்லாம் பச்சையாகக் களிம்பு. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் களிம்பு என்றால் பித்தளை, பித்தளை என்றால் புளி. தந்திகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, புளியும் சாம்பலும் தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்து ஒரு கச்சேரிக்குப் போய்த் திரும்பியவர், கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"கம்பியெல்லாம் தேஞ்சு போச்சு மதினி. வாசிச்சா இரையுது. இனிமே இது பாடாது."

நான்தான் தேய்த்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. பெட்டி பரணுக்குப் போனது. அவர் வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போனார். பாட்டுக்காரரை மூட்டை எடை போட வைத்தவள் நான்தான் என்று அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். வெஞ்சனம் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பேன். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்?

போன மாதம் கொழுந்தனாரின் மகள் அந்தப் பெட்டியை இறக்கி, சரி பண்ணியே ஆகவேண்டும் என்று நின்றாள். "செத்த நேரம் தொணைக்கு வாங்க மதினி, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று அவர் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் தந்திகளைக் கழற்றிவிட்டு, கழுத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "கம்பி நல்லாத் தேஞ்சிருக்கு, எல்லாத்தையும் மாத்தணும்" என்றார். அதே வார்த்தை. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நாந்தேன் தேச்சேன். புளி போட்டு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாருங்கம்மா. நீங்க தேச்சுத் தேஞ்சிருந்தா கம்பி நீளத்துக்கும்ல தேஞ்சிருக்கணும்? தந்தி ஓடுற எடத்துல மட்டுந்தான் பள்ளம். இது அவரு வெரலு அமுக்குன பள்ளம். இந்த ஒரு எடத்துல குழியே விழுந்துருக்கு பாருங்க."

தடவிப் பார்த்தேன். தந்திக்கும் தந்திக்கும் நடுவே கம்பி மேடாகவே இருந்தது. அந்தக் குழி எந்தப் பாட்டு போட்ட குழி என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "புளி போட்டது எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. அந்த வாரம் மேடையில கையெல்லாம் புளிச்சோறு வாடை" என்றார். பிறகு மெதுவாக, "கம்பி இரைஞ்சது நெசந்தேன். அப்பவே மாத்திருக்கலாம். ஆனா குழுவுக்குக் கீபோர்டு வந்துருச்சு, கிடார் வேணாம்னுட்டாங்க. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழியக் கம்பி மேல போட்டேன். அத நீங்க எடுத்துச் சுமப்பீகன்னு கண்டேனா?"

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. எதிர்த்த டீக்கடையில் ஆளுக்கு மூன்று வடை தின்றோம். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

புதுக் கம்பி போட்ட கிடார் இப்போது கூடத்தில் இருக்கிறது. சாயங்காலம் வாசிக்கிறார். விரல் பழைய மாதிரி ஓடவில்லை. நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறேன். நேற்று மட்டும் முற்றத்தில் விளக்குக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த இழுக்கிற இடத்தில் அவருக்கு விரல் வழுக்கித் தந்தி இர்ரென்றது.

"மதினி, என்னத்தப் போட்டுத் தேச்சீக?" என்று கூடத்திலிருந்து சத்தம் போட்டார்.

"இன்னும் தேய்க்கல தம்பி. இருங்க, சாம்பலும் எடுத்துக்கிட்டு வாரேன்" என்றேன்.